மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா

சிதம்பரம்
12.8.2024

அன்புள்ள கயலுக்கு,

உன் அக்கா ஞானாம்பாள் எழுதுவது. இங்கே நான், உன் மாமா, என் சர்க்கரை மூவரும் சௌக்கியம். சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். உனக்குச் சாப்பாடு இறங்குகிறதா, முதுகு வலி எப்படி என்று எழுது.

வெள்ளிக்கிழமை மனு போட்டு உன்னைப் பார்க்க வந்தேனே, ஒன்றாவது பேச முடிந்ததா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு டெலிபோன். பக்கத்தில் ஓர் அம்மா தன் மகனிடம், "ஆட்டுக்கு வயிறு ஊதிப்போச்சிடா, என்னா பண்றது?" என்று கத்திய கத்தலில், உன் கேஸைவிட அந்த ஆட்டின் நிலவரம்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். இதைப் படித்துப் பார்த்துவிட்டு உன்னிடம் கொடுக்கப்போகிற ஐயாவுக்கும் என் வணக்கம்.

புவனகிரி மண்டபத்தில் கல்யாணச் சமையலுக்குப் போன இடத்தில் நீ மாப்பிள்ளையின் சித்தப்பா மண்டையை உடைத்ததை நம் தெருவில் ஏழு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு கதையில் சாம்பார்க் கரண்டி, இன்னொன்றில் அண்டா. அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்க நீ என்ன பீமனா? அந்த ஆள் உன் புடவையைப் பிடித்து இழுத்தது மட்டும் எந்தக் கதையிலும் இல்லை. என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பகுதியை நான் இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கிறேன். அவனுக்குப் பதினாலு தையல். பிழைத்துக்கொண்டான். அதுவே நமக்குப் பெரிய உதவி.

உன் வாடகை அறையைக் காலி செய்து பெட்டியை நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். திறந்தும் பார்த்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, இருபத்தேழு வருஷத் தாம்பத்தியம், மொத்தம் நாலு பட்டுப்புடவை. உன்னிடம் ஒன்பது. நன்றாக இரு.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

உன்னையே நினைத்திருக்கும்,
அக்கா ஞானாம்பாள்

*

கடலூர்
21.8.2024

அன்பு அக்காவுக்கு,

கயல்விழி வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. நான் நலம். முதுகு வலி போயே போய்விட்டது. அடுப்படியை விட்டு விலகி நின்ற புண்ணியம். மாமாவின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்லவும்.

என்னை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நீ கண்ணாடி வழியாகக் கேட்டாய். நான் சொல்ல ஆரம்பித்தபோது ஆடு குறுக்கே வந்துவிட்டது. இப்போது சொல்கிறேன். ஆதாரில் இன்னும் கதிரவன், ஆண் என்றே இருப்பதால் ஆண்கள் சிறைக்கு வந்தேன். ஆண்களோடு விட்டால் எனக்குப் பாதுகாப்பில்லை என்று தனி அறை கொடுத்தார்கள். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. கஷ்டம் என்னவென்றால், யாரும் ஒரு வார்த்தையுமே பேசுவதில்லை. மற்றவர்கள் வெளியே வரும் நேரம் நான் உள்ளே. நான் வெளியே வரும் நேரம் மற்றவர்கள் உள்ளே. ஐந்நூறு பேருக்குப் பொரியல் கிளறிக்கொண்டே ஐந்நூறு பேரைப் பற்றியும் வம்பு பேசினவள் நான். இங்கே துணைக்கு ஒரு பல்லி இருக்கிறது. அதற்கு ஊர் விவகாரம் எதுவும் தெரியவில்லை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிதம்பரம் கோர்ட்டுக்கு வாய்தா. வேனில் முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் கம்பி தடுத்து ஆண்கள். முதல் நாள் என்னை எங்கே ஏற்றுவது என்று நாலு பேர் நின்று யோசித்தார்கள். கடைசியில் ஜான்சி ஏட்டம்மாதான், "இதுக்கு என்னாத்துக்கு இம்மாம் யோசன? பொடவ கட்டினு நிக்கிறாங்க, முன்னாடி ஏறட்டும்" என்றார். ஆக, வேனில் நான் பொம்பளை, ஜெயிலில் ஆம்பளை, கோர்ட்டில் முதல் எதிரி.

வேனில் என் பக்கத்தில் சவரிமேரி என்று ஒரு அக்கா. கடலூர் துறைமுகத்தில் பிறந்து பிச்சாவரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். ஏறி உட்கார்ந்ததும் என் தலையைப் பார்த்து, "இன்னா பொண்ணு, பரட்டையா வச்சிருக்க?" என்று சொல்லி, புவனகிரி வருவதற்குள் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். அவர் மதிலுக்கு அந்தப் பக்கம், பெண்கள் பிரிவில் இருக்கிறார்.

நானும் அங்கே போகலாம் அக்கா. அதிகாரியே சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு கலெக்டர் ஆபீசில் வாங்கினோமே, பெண் என்று போட்ட அடையாள அட்டை, அது இருந்தால் போதும். வக்கீல் ஞானசேகரன் கோர்ட்டில் கொடுத்து உத்தரவு வாங்கிவிடுவார். அட்டை என் பெட்டியில் பச்சைப் பையில் இருக்கிறது. உடனே அவரிடம் சேர்த்துவிடு. உனக்குக் கோடிப் புண்ணியம்.

வேளைக்கு மாத்திரை போடவும்.

அன்புடன்,
கயல்விழி

*

சிதம்பரம்
30.8.2024

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நாங்கள் சுகம். மாமாவின் முழங்கால் உன் விசாரிப்பைக் கேட்டு ஒரு நாள் நிமிர்ந்து நின்றது, மறுநாள் மடங்கிவிட்டது.

யார் இந்தச் சவரிமேரி? என்ன கேஸ்? விசாரித்தேன். கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவளுக்குத் தெரியாத கேஸ் உண்டா? மாமியாரைக் கிணற்றில் தள்ளினாள் என்கிறார்கள். "தள்ளலமா, கெழவி தண்ணி எட்டிப் பாத்து தானா வுழுந்துச்சி" என்கிறார் அவளுடைய வக்கீலின் குமாஸ்தா. எனக்கும் மாமியார் இருந்தார், எங்கள் வீட்டிலும் கிணறு இருந்தது. எனக்குத் தோன்றாததா? ஆனால் நான் தள்ளவில்லை. ஒருத்தி தலை பின்னிவிட்டாள் என்பதற்காக உடனே நம்பிவிடாதே.

தலை என்றதும் ஞாபகம் வருகிறது. உனக்கு ஆறு வயதில் என் ரிப்பனை எடுத்துக் கட்டிக்கொண்டு நின்றாய். "இவளவிட இவனுக்குத்தான் எடுப்பா இருக்குது" என்று அப்பா சொன்னார். அப்பா சொன்னது தப்பில்லை. ரிப்பன் என்னுடையது.

பெட்டியைத் தேடிப் பார்த்தேன். பச்சைப் பையில் மருந்துச் சீட்டு, கல்யாண வீடுகளின் மளிகை லிஸ்ட், ஏதோ ஒரு லிப்ஸ்டிக். அட்டை என் கண்ணில் படவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும். மறுபடியும் தேடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

கடலூர்
12.9.2024

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். கண்ணுக்கு நல்ல டாக்டராகப் பார். சர்க்கரைக்காரர்கள் கண்ணை அலட்சியப்படுத்தக் கூடாது என்று சவரிமேரி அக்கா சொல்லச் சொன்னார். அவர் அம்மாவுக்கும் இதே வியாதியாம்.

ஒரு விஷயம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் அதிகாரி கூப்பிட்டுவிட்டார். என் முன்னால் ஒரு காகிதத்தைத் தள்ளி, "கோர்ட்டு உத்தரவு வந்தா நாங்க அந்தப் பக்கம் மாத்த ரெடியா இருக்கோம். ஆனா இதப் பாருங்க, ஒவ்வொரு மனுவுலயும் ஒங்க சொந்த அக்காவே உறவுமுறைன்னு கேட்ட எடத்துல 'தம்பி'ன்னு எழுதிட்டுப் போறாங்க. நான் இன்னாம்மா பண்றது?" என்றார். கூட நின்ற வார்டர் சிரிப்பை அடக்க மேலே ஃபேனைப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஊருக்கெல்லாம் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பவள் நீ. உன் கை எப்படி அக்கா தப்பும்?

அட்டை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அதற்கு விண்ணப்பித்ததே உன் கடையில்தானே? போட்டோவை நீதான் ஏற்றினாய். உன் கம்ப்யூட்டரில் என் பெயரில் இருக்கும். ஒரு பிரிண்ட் எடுத்து ஞானசேகரனிடம் கொடு.

சவரிமேரி அக்கா இந்த வாய்தாவுக்கு எனக்காக ஒரு அதிரசத்தில் பாதியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். யாரோ கோர்ட்டில் கொடுத்ததாம். சவரிமேரி அக்காவுக்குப் பாட்டு வரும். மாதா கோவில் பாட்டு. வேனில் சவரிமேரி அக்கா பாடினால் பின்னால் இருக்கிற ஆண்கள்கூடப் பேச்சை நிறுத்துகிறார்கள். இறங்கும்போது அவர் இடப்பக்கம் போகிறார், நான் வலப்பக்கம். மறுபடி பதினைந்து நாள் பல்லிதான்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
கயல்

*

சிதம்பரம்
18.9.2024

அன்புள்ள கயலுக்கு,

சுகம். அங்கும் சுகம் என்று சவரிமேரி புண்ணியத்தில் நம்புகிறேன்.

உன் கடிதத்தில் 'சவரிமேரி அக்கா' நாலு இடத்தில் வருகிறது. வெறும் 'அக்கா' என்று என்னை ஒரே ஒரு இடத்தில் கூப்பிட்டிருக்கிறாய், அதுவும் என் தப்பைச் சொல்லிக்காட்டும் இடத்தில். மேலே போட்ட 'அன்பு அக்காவுக்கு' கணக்கில் வராது. அது வழக்கம், விலாசம் மாதிரி.

தம்பி என்று எழுதியதைக் கேட்டாய். ஆதாரில் இருப்பதை எழுதுவது என் தொழில். இருபது வருஷப் பழக்கம். கை தானாக ஓடிவிட்டது. இதற்கு ஒரு வார்டர் சிரித்தானா? அவன் பெயரை எழுது.

பிரிண்ட் எடுக்கத்தான் உட்கார்ந்தேன். திங்கள் கிழமை கரண்ட் இல்லை. செவ்வாய் சர்வர் டவுன். புதன் மை தீர்ந்துவிட்டது. நீ நினைக்கிற மாதிரி இது சுலபமான காரியம் இல்லை.

ஆனால் கயலு, யோசித்துப் பார். தனி அறை என்ன அவ்வளவு மோசமா? இங்கே தெற்கு வீதி லாட்ஜில் தனி அறைக்கு ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள். உன் மாமா விடும் குறட்டையில் ஒரு நாள் படுத்தால் நீ அந்தப் பல்லியின் காலில் விழுவாய். அந்தப் பக்கம் போனால் இருபது பொம்பளைகள், இருபது வாய். உனக்கு எனக்குக் கடிதம் எழுத நேரம் கிடைக்குமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பெயர் நீயே வைத்துக்கொண்டாய். கயல்விழி. எவ்வளவு அழகு. எனக்கு வைத்தது அப்பாவைப் பெற்றவளின் பெயர். பத்து வயதில் என்னைக் கூப்பிட்டால் பல்செட் போட்ட கிழவி வருவாள் என்று எதிர்பார்ப்பார்கள். நானும் ஒரு நாள் எனக்குப் பெயர் வைத்துக்கொள்ளப் போகிறேன். இளவரசி என்று. மாமாவிடம் சொன்னேன். மூன்று நாளாகச் சிரிக்கிறார்.

மாத்திரை போட்டாயா என்று என்னைக் கேட்க இங்கே ஆளில்லை. அதையும் நானே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஞானாம்பாள்

*

கடலூர்
2.10.2024

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் நலத்தையும், சிரித்து முடித்திருந்தால் மாமாவின் நலத்தையும் அறிய ஆசை.

லாட்ஜ் அறையில் தங்குகிறவன் கதவை உள்ளிருந்து பூட்டுவான் அக்கா. இது வெளியிலிருந்து பூட்டுகிற அறை.

சாயங்காலம் அந்தப் பக்கம் தண்ணீர் விடும் நேரம். மதிலை ஒட்டி என் அறை ஜன்னல். எல்லாம் கேட்கும். நேற்று ஒருத்தி, "என் பக்கெட்ட ஏன்டி எடுத்த?" என்றாள். இன்னொருத்தி, "ஒன் பேரு எழுதியிருக்குதா?" என்றாள். "எழுதத் தெரிஞ்சா எழுத மாட்டனா!" உடனே பத்துப் பேர் சிரிப்பு. நான் இந்தப் பக்கம் தனியாக நின்று சிரித்தேன். பிறகு அந்தப் பக்கெட் தொலைத்தவளை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. சண்டை போட அவளுக்கு ஆளிருக்கிறது. நாற்பத்தாறு வயதில் ஒரு பக்கெட் சண்டைக்குப் பொறாமைப்படுகிறவளைப் பார்த்திருக்கிறாயா?

போன மாதத்திலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. சமையல் குறிப்பைச் சத்தமாகச் சொல்கிறேன். முதலில் கடுகு, பிறகு வெந்தயம் என்று. என் குரல் எனக்கு மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

ஜாமீன் இரண்டாம் முறையும் தள்ளுபடி. சவரிமேரி அக்காவின் கேஸ் வேகமாகப் போகிறது. நவம்பர் கடைசியில் தீர்ப்பு, விடுதலைதான் என்கிறார்கள். அவர் போவதற்குள் கொஞ்ச நாளாவது அவரோடு இருக்க வேண்டும் என்று இருக்கிறது. எல்லாரும் அங்கே எனக்குப் புதிது. இவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் மற்றவர்கள் என்னை யாரென்று கேட்க மாட்டார்கள். தனியாகப் போய் நின்றால் கேட்பார்கள். என்ன கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும்.

அட்டையைத் தேடு அக்கா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கயல்

*

சிதம்பரம்
9.10.2024

அன்புள்ள கயலு,

உன் மாமா கோவிந்தசாமி ஆசியோடு எழுதுவது. கண்டக்டர் வேலையில் டிக்கெட் கிழித்ததோடு சரி, கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அக்கா திருவதிகை கோவிலுக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

எழுதும் காரணம், நீ வைக்கும் வஞ்சிரக் குழம்புக்குப் புளி முதலிலா, தேங்காய் முதலிலா? உன் அக்காவிடம் கேட்டேன். "அவகிட்டயே கேட்டுக்கோ, அவதான் எல்லாத்துலயும் ஒசத்தி" என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு என்மேல் கோபம். காரணம் நீதான். ஆகஸ்டு மாதம் உன் பெட்டியைத் திறந்த அன்றே உன் அடையாள அட்டை மேலாகக் கிடந்தது. எடுத்து பீரோவில் தன் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். அடிக்கடி எடுத்துப் பார்க்கிறாள், திரும்ப வைக்கிறாள். ஒரு நாள் நானும் எட்டிப் பார்த்து, "போட்டோவுல கயலு லட்சணமா கீறா"ன்னு சொன்னேன். அன்றையிலிருந்து எனக்கு ரசம்தான்.

அந்த அட்டையை வக்கீலிடம் கொடுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். உனக்கு அந்தப் பக்கம் மாற்றல் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் சந்தோஷம்.

புளியா, தேங்காயா, மறக்காமல் எழுது.

அன்பு மாமா,
கோவிந்தசாமி

*

சிதம்பரம்
26.10.2024

அன்புள்ள கயலுக்கு,

நலமா? மூன்று வாரமாக ஒரு வரி இல்லை. தபால்காரர் சின்னையனை வழிமறித்துக் கேட்டேன். "ஜெயில் லெட்டர் இல்லக்கா, பேங்க் நோட்டீஸ்தான் கீது, வேணுமா?" என்கிறார்.

நேற்று மனு போட்டுக் காலை ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு ஒருவர் வந்து, "பாக்க விருப்பம் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றார். நான் அவரிடம், "வேற யாரையாவது கேட்டிருப்பீங்க, நல்லா கேளுங்க" என்றேன். அவர் மறுபடி போய்க் கேட்டுவிட்டு வந்தார். அதே பதில்தான். ஆட்டுக்காரம்மாவும் அங்கே இருந்தார். ஆடு பிழைத்துவிட்டதாம்.

காய்ச்சலா? யாராவது ஏதாவது சொன்னார்களா? வியாழக்கிழமை தீபாவளி. உன் புடவை ஒன்றை நான் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்கத்தான் வந்தேன்.

பதில் போடு.

அக்கா

*

கடலூர்
2.11.2024

அக்காவுக்கு,

மாமாவின் கடிதம் கிடைத்தது.

புளிதான் முதலில் என்று அவரிடம் சொல்லவும்.

கயல்விழி

*

சிதம்பரம்
5.11.2024

கயலு,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அட்டையை இன்று காலை ஞானசேகரன் கையில் கொடுத்தேன். 'இவள் என் கூடப்பிறந்த தங்கை' என்று என் கைப்பட ஒரு காகிதமும் எழுதிக் கொடுத்தேன். தபாலில் விடவில்லை. என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லாததால் மாமாவைக் காவலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வக்கீல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தினி நாளா எங்கக்கா இருந்தது?" என்றார். "பீரோவுல" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வக்கீல்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

கரண்ட் போகவில்லை. சர்வர் ஓடியது. மை நிறைய இருந்தது.

எடுத்த அன்று ஒளிக்க வேண்டும் என்று எடுக்கவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்தேன். உன் முதல் கடிதம் வந்ததும் வக்கீலிடம் கொடுக்கக் கிளம்பினேன். செருப்புப் போட்டுக்கொண்டு, மறுபடி ஒருமுறை கடிதத்தைப் படித்தேன். புவனகிரி வருவதற்குள் அவள் பின்னிவிட்டாள் என்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டேன்.

நீ பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போனாய். நான் அம்மா அப்பாவோடு இருந்தேன். பிறகு ஊரெல்லாம் உனக்கு உறவு. விழுப்புரத்தில் உன்னைத் தத்து எடுத்த ஒரு அம்மா, திண்டிவனத்தில் நீ தத்து எடுத்த இரண்டு மகள்கள். ஆபரேஷன் முடிந்து நாற்பத்தோராம் நாள் உனக்கு மஞ்சள் பூசித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியவள் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தங்கை வந்த நாள் அது. கூடப்பிறந்தவள் செய்ய வேண்டியதை எவளோ செய்தாள். நீ என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அந்த வயதில் நான் வந்திருக்க மாட்டேன். வராதவளுக்கு எதற்குப் பொறாமை என்று கேட்பாய். ஆனால் இருந்தது.

உன்னைத் தனி அறையில் வைத்தபோது எல்லாரும் பாவம் என்றார்கள். நானும் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்தி. இனிமேல் இவளுக்கு நான் ஒருத்திதான். எனக்குத்தான் எழுதுவாள். அந்தப் பக்கம் போனால் உனக்கு இருபது பேர். எனக்கு அதே கோவிந்தசாமி.

நீ கடுகு, வெந்தயம் என்று சுவருக்குச் சமையல் சொன்னதாக எழுதிய கடிதத்தையும் அந்த அட்டையின் மேலேயே வைத்துப் பீரோவைப் பூட்டினேன்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய்.

ஞானாம்பாள்

*

கடலூர்
6.12.2024

அக்காவுக்கு,

நான் நலம். புயல் மழையில் உங்கள் தெருவில் தண்ணீர் ஏறியதா, கடையில் மிஷின்கள் நனைந்தனவா என்று எழுதவும்.

நவம்பர் 25ஆம் தேதி மாற்றினார்கள். சாமான் என்று ஒரு தட்டு, ஒரு போர்வை. மதிலைச் சுற்றி நடந்து போக ஆறு நிமிஷம். அவ்வளவுதான் தூரம்.

வாசலில் சவரிமேரி அக்கா நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், "இது எந்தங்கச்சி. எவளாச்சும் வாயத் தொறந்தீங்க, நான் ஏற்கெனவே கெணத்துல தள்ளின கேசு, ஞாபகம் வச்சிக்குங்க" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முதல் நாளே ஒருத்தியோடு பக்கெட்டுக்குச் சண்டை போட்டேன். என் பக்கம்தான் நியாயம்.

நாங்கள் இருவரும் விடாமல் பேசினோம். மழை ஆரம்பித்த 29ஆம் தேதி கோர்ட்டுக்குப் போனவருக்கு விடுதலை ஆகி, அப்படியே போய்விட்டார். நாலு நாள். நாலு நாள்தான் கிடைத்தது.

இங்கே மற்றவர்கள் நல்லவர்களாகவே இருக்கிறார்கள். இரண்டு பேர் மட்டும் என் பக்கத்தில் படுக்க மாட்டோம் என்றார்கள். ஒருத்தி இந்த வாரம் மனம் மாறிவிட்டாள். நான் தலை பின்னிவிட்டேன். இன்னொருத்தி ஒரு மாதம் எடுப்பாள்.

உன்மேல் கோபம் இருக்கிறது. அதை விவரமாக எழுதினால் படித்துப் பார்க்கிற ஐயாவுக்குச் சங்கடம். வெளியே வந்து நேரில் தருகிறேன்.

ஒரு விஷயம். சவரிமேரி அக்காவுக்குப் போக இடமில்லை. புருஷன் வீட்டில் சேர்க்க மாட்டார்கள், துறைமுகத்தில் தம்பி வீட்டில் அதிக நாள் வைக்க மாட்டார்கள். நான் உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். வந்தால் உள்ளே கூப்பிடு. தண்டனை என்று நினைத்துக்கொள்.

கயல்விழி

*

சிதம்பரம்
15.12.2024

அன்புள்ள கயலு,

எல்லாரும் நலம். தண்ணீர் கடை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. உன் உடம்பு எப்படி, மழையில் அங்கே ஒழுகியதா என்று எழுது.

உன் கடிதமும் சவரிமேரியும் புதன்கிழமை ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். நான் உன் கடிதத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு கடை வாசலில் ஒருத்தி. "ஞானாம்பா அக்காவா? நான் ஏதோ பெரிய கெழவின்னு நெனச்சேன்" என்றாள். பெயரால் எனக்கு முதன்முதலாக ஒரு லாபம். நானும் அவளைப் பத்து அடி உயர ராட்சசியாக நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் வருகிறாள். தலைமுடி மட்டும் முட்டிவரை. அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு சோறு போட்டேன். நாலாம் நாள் மீன் கழுவும்போது சொல்லிவிட்டேன். "கயலோட கார்ட ஒளிச்சி வச்சது நான்தான். நான் கொடுத்திருந்தா ரெண்டு மாசமாச்சும் சேந்து இருந்திருப்பீங்க."

அவள் செதிலைச் சுரண்டிக்கொண்டே, "தெரியும், கயலு சொல்லிச்சி" என்றாள். அடுத்த மீனை எடுத்து, "எனக்கு உங்கமேல கோவம் வந்துது. அப்புறம் கயல நெனச்சிப் பொறாமையும் வந்துது. நான் ஆறு மாசம் உள்ள இருந்தேன். எங்கூட்டுலேருந்து ஒருத்தரும் மனு போடல" என்றாள். நான் குழம்பில் தேங்காயை முதலில் ஊற்றிவிட்டேன். உன் மாமா அதையே சாப்பிட்டார்.

அவள் இங்கேயே இருக்கட்டும். லேமினேஷன் மிஷினைக் கற்றுக்கொண்டாள். கடைக்கு வருகிறவர்கள், "ஞானாம்பாளக்கா, யாரு இது?" என்றால், "என் தங்கச்சியோட அக்கா" என்கிறேன். அவர்கள் உறவு முறையை யோசித்து முடிப்பதற்குள் ஜெராக்ஸ் முடிந்துவிடுகிறது.

வரும் வெள்ளிக்கிழமை மனுவுக்கு இருவரும் வருகிறோம். அவளை விடுவார்கள் என்று ஞானசேகரன் கேட்டுச் சொல்லிவிட்டார். இருபது நிமிஷம், ஒரே டெலிபோன். முந்தாநாள் அவளிடம், "பதினஞ்சி எனக்கு, அஞ்சி ஒனக்கு" என்று கறாராகச் சொன்னேன். நேற்று பத்துக்குப் பத்து என்று இறங்கி வந்தேன். இன்று காலை கடையைத் திறந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்டு முதல் நவம்பர் வரை ஒரு தாளில் நாளாகக் கோடு போட்டுப் பார்த்தேன். நான் எடுத்துக்கொண்டது எழுபது நாளுக்கு மேல். அவளுக்கு விட்டு வைத்தது நாலு.

இருபது நிமிஷமும் அவளே பேசட்டும். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் கயலு. அவள் பேசும்போது ரொம்பச் சிரிக்காதே. கண்ணாடி வழியாக எனக்கு எல்லாம் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா ஞானாம்பாள்